புது வீடும் பழைய மின்குமிழும்

முத்தையன்கட்டு,
ஆனி மாதம்.

என் அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்வி இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. "வீடு வாங்கி மூன்று மாதம்தான் அம்மா. அதற்குள் வாடகை வீட்டுக்குள் போய்வருவது போல இருக்கிறது. மனதில் ஒன்றும் இல்லை. என்னில் ஏதும் பிழையோ?" என்றாய். பேரன் அழத் தொடங்கினான், பேச்சு பாதியில் அறுந்தது. தொலைபேசியில் இந்தக் கதை எப்போதும் பாதியில்தான் நிற்கும் என்பதால் எழுதுகிறேன்.

உன்னில் பிழை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2013ஆம் ஆண்டு நம் வீட்டுக்கு மின்சாரம் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். போருக்குப் பிறகு இந்தியா தந்த வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை லட்சம் ரூபாயோடு என் காப்பை விற்ற காசையும் போட்டு எழுப்பிய வீடு. சுவருக்குப் பூச்சுக்கூட இல்லை. நடு அறையில் ஒரே ஒரு மின்குமிழ். பொழுதுபட்டதும் நீதான் சுவிட்சைப் போட்டாய். அணைத்தாய். மறுபடி போட்டாய். பிறகு குமிழுக்கு நேர் கீழே நின்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். விரலிடுக்கில் இருந்த பழைய தழும்புகூடத் தெரிகிறது என்றாய். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, ஒரு மூடி மண்ணெண்ணெயைத் துளித்துளியாய் மிச்சம் பிடித்து, அந்த வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிய பிள்ளை நீ. "அம்மா, இனி எனக்கு ஒன்றுமே வேண்டாம்" என்று சொன்னாய். நான் அடுப்படிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தேன்.

அந்த மாரியில் ஒருநாள் மின்சாரம் நின்றது. நீ கொப்பியை மேசையில் அறைந்து, "இந்த ஊரில் மனிசன் படிக்க முடியுமா?" என்று கத்தினாய். இரண்டு நாட்களுக்கும் இடையில் நான்கு மாதம்கூட இல்லை. நன்றி மறந்தவன் என்று அன்று உன்னை ஏசினேன். அந்த ஏச்சு தவறு, தம்பி. அதற்குப் பிறகு, மனம் நொந்தவர்களுக்கு உதவும் உளவளத்துணைப் பயிற்சிக்குப் போய்ப் படித்தபோதுதான் எனக்கே அது விளங்கியது.

வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனையைப் பற்றி அப்போது வாசித்தேன். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும்போது குரங்கின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துடித்தெழுகின்றன. ஒவ்வொரு முறையும் சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரிந்தால், சில நாளில் அந்தத் துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது. சாறு வரும்போது ஒன்றும் நடப்பதில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வழக்கமாக இருக்கும் துடிப்பும் அந்தக் கணத்தில் தாழ்ந்துவிடுகிறது. வாசித்ததும் நம் வீட்டு மின்குமிழ்தான் கண்ணுக்கு முன் வந்தது. வந்த நாளில் துள்ளினாய், இருந்த நாட்களில் அதை மறந்தாய், நின்ற நாளில் கொப்பியை அறைந்தாய். உன் வீட்டுக்கும் அதே கணக்குத்தான். விலை ஒத்துக்கொள்ளப்பட்டது என்று இங்கே நடுச்சாமத்தில் என்னை எழுப்பிச் சொன்னாயே, உன் சந்தோஷம் அந்த அழைப்பிலேயே செலவாகிவிட்டது. சாவி கைக்கு வந்தபோது மிச்சம் இருக்கவில்லை.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று அம்மம்மா சொல்லுவா. பிலிப் பிரிக்மன், டொனால்ட் கம்பல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1971இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். உங்கள் கனடாவில் உடற்பயிற்சிக்கென்று ஓடும் பட்டையில் ஏறி நின்ற இடத்திலேயே ஓடுவீர்களே, அதை உவமையாக எடுத்து ‘இன்ப ஓட்டப்பட்டை’ என்றார்கள். நாம் செக்குமாடு என்று சொல்லுவோம்.

1978இல் பிரிக்மன் இன்னும் இருவரோடு சேர்ந்து செய்த ஆய்வு பெயர்பெற்றது. இலினோய் மாநில லொத்தரில் பெருந்தொகை வென்ற 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், அயலில் சாதாரணமாய் வாழும் 22 பேர் ஆகியோரிடம் பேசினார்கள். பூச்சியத்திலிருந்து ஐந்து வரையான அளவில் லொத்தர் வென்றவர்களின் மகிழ்ச்சி 4, அயலவர்களுடையது 3.82. அவ்வளவுதான் வித்தியாசம். காலைச் சாப்பாடு, சிநேகிதரோடு கதைப்பது போன்ற சின்னச் சந்தோஷங்கள் வென்றவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே ருசித்தன. எனக்கு அந்தப் பகுதிதான் பயத்தைத் தந்தது. பெரியது வந்தால் சிறியது சப்பென்று போகிறது.

அதே ஆய்வைக் காட்டி, செயலிழந்தவர்களும் மற்றவர்களைப் போலவே மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவர்களின் எண் 2.96. நாம் நினைப்பதைவிட மேலே இருந்தார்கள், ஆனால் குறைவாகத்தான் இருந்தார்கள். இதைப் பயிற்சியில் ஒருவர் பிழையாகச் சொன்னபோது நான் எழுந்து நின்று திருத்தினேன். என் வீட்டில் ஒரு கால் இல்லாத மனிதர் இருக்கிறார்.

2009 பங்குனியில் எறிகணை பட்டு அப்பாவைச் செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றியபோது, இனி இந்த மனிதர் ஒருநாளும் சிரிக்க மாட்டார் என்றே நினைத்தேன். செட்டிகுளம் முகாமில் எங்களோடு வந்து சேர்ந்த பிறகு ஒரு வருடம் அப்படித்தான் இருந்தார். தண்ணீர் வரிசையில் நீ நின்றால் தறப்பாளுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார். பிறகு ஜெய்ப்பூர் செயற்கைக் கால் வந்தது. சைக்கிள் பழகினார். இன்று வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் ஊரில் முதல் ஆளாய் மண்வெட்டியோடு நிற்பவர் அவர். ஆனால் மழை இருட்டு விழுந்தால் இல்லாத பாதம் கடுக்கிறது என்பார். நான் எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தடவுவது என்று தெரியாமல் இருப்பேன். மனம் பழகியது உண்மை. முழுக்கப் பழகவில்லை என்பதும் உண்மை.

தம்பி, உன் வீட்டின் புதுமையைத் தின்ற அதே பழக்கம்தான் அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அதனால்தான் அதை வெறுக்காதே என்கிறேன். அது கைகொடுக்காத மனிதர்களையும் நான் தினமும் பார்க்கிறேன்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். பிறகு முல்லைத்தீவிலும் அமர்ந்தார்கள். உளவளத்துணைக்காக என்னிடம் வருகிறவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. கணவன் இறந்ததைக் கண்ணால் கண்ட பெண் காலப்போக்கில் கோழி வளர்க்கிறாள், பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குச் சீலை எடுக்கிறாள். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவள் அவனுடைய சட்டையை மாதம் ஒருமுறை தோய்த்து, மடித்து, பெட்டியில் வைக்கிறாள். நான் ஒருநாள் போயிருந்தபோது அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டி தோய்த்துத் தோய்த்தே நைந்திருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளையின் அளவு.

மிச்சிகனில் 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. குடலில் அறுவைச் சிகிச்சை செய்து வயிற்றில் மலம் சேரும் பை பொருத்தப்பட்டவர்களை ஆறு மாதம் கவனித்தார்கள். இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று சொல்லப்பட்டவர்கள் மெல்ல மெல்லத் தேறினார்கள். பிறகு சரிசெய்யலாம் என்று சொல்லப்பட்டவர்கள் தேறவில்லை. முடிந்தது என்று தெரிந்தால்தான் மனம் தன் வேலையைத் தொடங்குகிறது. அந்தத் தாய்மாரிடம் போய் "பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் கேட்பது ஆறுதலும் இல்லை. என்ன நடந்தது என்ற பதிலைத்தான் கேட்கிறார்கள். அது கிடைக்கும்வரை அவர்கள் மனதை ஆறச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

உன் கதைக்கு வருகிறேன். இந்த வீட்டை ஐந்து வருடத்தில் விற்றுவிட்டு இன்னும் பெரியது வாங்கலாம் என்று மருமகளிடம் சொன்னாயாம். வேண்டாம். அந்த வீடும் மூன்று மாதத்தில் இப்படித்தான் ஆகும். எனக்குக் கவலை வேறு ஓரிடத்தில் இருக்கிறது. முன்பு வேலைத்தலத்துக்கு இருபது நிமிடத்தில் போனாய். இப்போது ஏஜாக்ஸில் இருந்து மிசிசாகாவுக்கு 401ஆம் நெடுஞ்சாலையில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நான்காவது அறைக்காக அந்த மூன்று மணி நேரத்தைக் கொடுத்தாய். அறை பழகிவிட்டது. வீதி பழகியதா?

பழகாது. அறை என்றும் ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் மனம் அதைப் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறது. வீதியில் இன்றைக்கு விபத்து, நாளைக்குப் பனி, மறுநாள் திருத்த வேலை. சுவிஸ் பொருளியலாளர்களான அலோயிஸ் ஸ்டட்ஸர், புரூனோ ஃப்ரை இருவரும் ஜேர்மனியரின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2008இல் எழுதியதும் இதைத்தான். வேலைக்குத் தூரப் பயணம் போகிறவர்களுக்கு நல்ல வீடோ கூடிய சம்பளமோ அந்த நேரத்தை ஈடுசெய்திருக்க வேண்டும். ஈடுசெய்யவில்லை, பயணம் நீள நீள வாழ்க்கைத் திருப்தி குறைந்திருந்தது. வேலையின்மையும் அப்படித்தான். 24,000 ஜேர்மனியரைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், கலியாணத்தின் சந்தோஷம் சராசரியாகச் சில வருடத்தில் பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. வேலை இழந்தவர்கள் மறுபடி வேலை கிடைத்த பிறகும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இங்கே படித்துவிட்டு மதகில் குந்தியிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

ஆகவே கிழமையில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டுப் பார். அல்லது சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கிட்ட ஒரு வேலை தேடு. பேரன் இரண்டு வயதுப் பிள்ளை. நேற்றுச் சொல்லாத சொல்லை இன்றைக்குச் சொல்லுவான். நீ வீடு வந்து சேரும்போது அவன் உறங்கிவிடுகிறான் என்று மருமகள் சொன்னாள்.

இங்கே பாலைப்பழம் தொடங்கிவிட்டது. ஏ-9 வீதியோரம் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். நீ வாய் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டுவிட்டு உதட்டைப் பிரிக்க முடியாமல் நிற்பாய். ஒரு கிழமை சொக்லேட்டைத் தொடாமல் இருந்தவர்களுக்கு, வேண்டியமட்டும் தின்றவர்களைவிட அது கூட ருசித்தது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. பாலை மரம் நமக்கு வருடத்தில் பத்து மாதம் அதைச் செய்கிறது. அதனால்தான் ஐம்பத்தெட்டு வயதிலும் எனக்கு முதல் பழம் முதல் பழமாகவே இருக்கிறது. உனக்கு அனுப்ப வழியில்லை. இரண்டாம் நாளே புளித்துவிடும்.

அப்பா படலையடியில் சைக்கிள் மணி அடிக்கிறார். கைப்பிடியில் ஒரு பை தொங்குகிறது. போய் வாங்க வேண்டும்.

உன் வீட்டின் முன்பக்கப் படம் மட்டும்தான் அனுப்பியிருக்கிறாய். பின்வளவையும், பேரன் விளையாடும் இடத்தையும் ஒருநாள் பகலில் நீயே நின்று படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா