மீன்குஞ்சுகளுக்கு இரை போடும் பெட்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பேத்தி உன்னைத் தாத்தா என்று கூப்பிடாமல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாளாமே! உன்னைச் சரியாகப் புரிந்துகொண்ட ஆள் கடைசியில் ஒருத்தி கிடைத்தாள். இங்கே எல்லாரும் நலம். ஓய்வு பெற்றதும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய், சால்டரிங் அயர்னைத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. கை இன்னும் நடுங்கவில்லை.

தொட்டியில் இருக்கும் மீன்குஞ்சுகளை விட்டுவிட்டு நாலு நாள் எங்கும் நகர முடியவில்லை, உயிர் இரையைத் தானாகப் போடும் பெட்டியைப் பற்றி விவரமாக எழுது என்று கேட்டிருந்தாய். படம் தனித் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். ஆனால் அதை மட்டும் பார்த்துச் செய்ய உட்காராதே. அதில் ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் செய்தால், பெட்டி ஓடும், குஞ்சு செத்துப்போகும்.

உலர் தீனி போடும் டப்பாவை எடுத்துக்கொள். ஒரு உருளை, ஒரு டைமர், அவ்வளவுதான். அது பழுதானால் மீனுக்குப் பட்டினி. வளர்ந்த மீன் சில நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அதனால்தான் பெரிய மீனுக்காக இந்த வேலையில் இறங்காதே என்று எல்லாரிடமும் சொல்கிறேன். குஞ்சின் கதை வேறு. கருவுணவுப் பை தீர்ந்த பிறகு அதற்குக் கையிருப்பு எதுவும் கிடையாது. குடல் சின்னது, ஒரே வேளையில் நிறையத் தின்று வைத்துக்கொள்ள முடியாது. பல இனக் குஞ்சுகள் அசையாத எதையும் இரை என்றே மதிப்பதில்லை. (கடல்குதிரைக்கு இரைப்பையே இல்லை தெரியுமா? குஞ்சுப் பருவத்துப் பாடு அதற்கு ஆயுள் முழுக்க.) ஆக, உயிருள்ள இரை, அதுவும் நாளுக்குப் பலமுறை. இதற்குத்தான் இயந்திரம்.

எந்த இரை என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். மொய்னா, டாப்னியா போன்ற பொடி நீர்ப்பூச்சிகள் நன்னீரில் வாழ்பவை. காலையில் அளவாகத் தொட்டியில் விட்டால் குஞ்சு பிடிக்கும்வரை நீந்திக்கொண்டிருக்கும், இயந்திரமே வேண்டாம். வினிகர் புழுவும் நன்னீரில் சில நாள் தாங்கும். கொசுப்புழுவை வைத்துத் தானியங்கி செய்யலாமா என்று கேட்டிருந்தாய். பெட்டி பழுதாகும் அன்று உன் வீட்டில் எத்தனை கொசு பறக்கும் என்று யோசித்துக்கொள், வீட்டில் உன் மரியாதை என்னாகும் என்றும் யோசித்துக்கொள். மிஞ்சுவது ஆர்ட்டீமியா. உப்புநீர்ப் பிராணி, நன்னீரில் விட்டால் சில மணி நேரத்தில் செத்து அழுகும். ஒரேயடியாகக் கொட்ட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். இயந்திரத்துக்கான நியாயம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

ஆர்ட்டீமியா முட்டையைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், பள்ளி நாளிலிருந்தே உனக்கு இப்படிப்பட்ட சங்கதி பிடிக்கும். காய்ந்த பழுப்புத் தூளாக ஆண்டுக்கணக்கில் கிடந்து, உப்புநீர் பட்டதும் ஒரு நாளில் விழித்துக்கொள்ளும். 1933-இல் அமெரிக்காவில் சீல் என்பவரும், 1939-இல் நார்வேயில் ரோலெஃப்சென் என்பவரும் இதன் குஞ்சு மீன்குஞ்சுக்கு ஏற்ற இரை என்று எழுதினார்கள். பிறகு 1950-களில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா உப்பளங்களிலிருந்து முட்டையை அள்ளி மீன் வளர்ப்போருக்கு விற்க ஆரம்பித்தார்கள். இன்று யூட்டா மாநிலத்துக் கிரேட் சால்ட் ஏரி அதற்குப் பேர்போன இடம். வாங்கும்போது ஒன்றைக் கவனி: ஓடு நீக்கிக் காயவைத்து விற்கும் முட்டை பெரும்பாலும் பொரியாது, அப்படியே தீனியாகப் போடுவதற்கானது. உனக்கு வேண்டியது பொரிக்கும் முட்டை.

பொரிப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அடிப்பாகத்தை அறுத்துவிட்டுத் தலைகீழாக நிறுத்திய பிளாஸ்டிக் பாட்டில், லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, காரத்தன்மைக்குச் சிட்டிகை சமையல் சோடா, 26 முதல் 28 டிகிரி சூடு, வெளிச்சம், காற்று. காற்றுக் குழாயின் முனை கூம்பின் அடிவரை போக வேண்டும், காற்றைப் பொடிக் குமிழியாக்கும் ஏர் ஸ்டோன் வேண்டாம். பொடிக் குமிழி நுரையைக் கிளப்பி முட்டையைப் பாட்டில் சுவரில் ஒட்டவைத்துவிடும். பெரிய குமிழிதான் நல்லது. ஒரு நாளில் ஆரஞ்சு நிறத்தில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உருப்படிகள் துள்ளும். நல்ல முட்டை என்றால் ஒரு கிராமில் 2 லட்சத்துக்கு மேலும் வரும்.

இங்கேதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. பொரித்த உடனே இருக்கும் பருவத்தில் ஆர்ட்டீமியாவுக்கு வாயே திறந்திருக்காது, உடம்பில் உள்ள கருவுணவில்தான் வாழும். மணிக்கு மணி அது கரைகிறது. ஒரு நாள் கழித்துப் போட்டால் ஏறக்குறைய கால் பங்கு சத்து போய்விட்டிருக்கும். உலர் தீனி டப்பாவுக்கு நேற்றும் இன்றும் ஒன்று. இந்தப் பெட்டிக்கு அப்படியில்லை. ஒரேயடியாக ஒரு பாட்டில் நிறையப் பொரித்து வைத்துக்கொண்டு நாலு நாள் ஓட்டினால், நாலாம் நாள் குஞ்சுக்குப் போவது வெறும் சக்கைதான்.

அதனால் உலர் தீனி டப்பாவையே வேறு வேலைக்கு வைத்தேன். உருளைக்குள் மீன் தீனிக்குப் பதில் காய்ந்த ஆர்ட்டீமியா முட்டை. தினமும் ஒரே நேரத்தில் சிட்டிகை அளவு பாட்டிலில் விழும், அடுத்த நாள் அது பொரிந்திருக்கும். காய்ந்த முட்டைக்கு வயதாவதில்லை என்பதால் இது நடக்கிறது. டப்பாவைப் பாட்டிலுக்கு நேர் மேலே, ஆனால் கையளவு உயரத்தில் வை. கிட்டே வைத்தால் குமிழி வெடித்துத் தெறிக்கும் உப்பு ஈரத்தில் முட்டை கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும்.

இப்போது நான் மிகவும் ரசித்த பகுதிக்கு வருகிறேன். பாட்டிலில் இப்போது எல்லாம் கலந்து கிடக்கிறது: உயிருள்ள ஆர்ட்டீமியா, காலி ஓடு, பொரியாத முட்டை, நேற்றைய பிணம். அந்த ஓடுகளை மீன்குஞ்சு விழுங்கினால் செரிக்காது, குடலை அடைக்கவும் கூடும். பிணம் தொட்டித் தண்ணீரைக் கெடுக்கும். பிரித்தெடுக்க வடிகட்டி, வால்வு என்று ஏதேதோ வரைந்து பார்த்தேன். எதுவும் தேவையில்லை, ஆர்ட்டீமியாவே தன்னைப் பிரித்துக்கொடுக்கிறது. காற்றைப் பத்து நிமிடம் நிறுத்து. ஓடு மேலே மிதக்கும். பொரியாததும் செத்ததும் அடியில் தங்கும். பாட்டில் முழுக்கக் கறுப்புக் காகிதம் சுற்றி, பக்கவாட்டில், அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், ஒரு சின்னச் சன்னல் மட்டும் விட்டு, அதன் முன்னால் ஒரு வெள்ளை எல்ஈடியை எரியவிடு. உயிருள்ளது வெளிச்சத்தைத் தேடி வரும். அந்தச் சன்னலுக்கு நேரே ஆரஞ்சு மேகம் ஒன்று திரளும். உறிஞ்சு குழாயின் வாய் அங்கேதான். செத்தது அங்கே வராது. இந்தப் பெட்டியில் நம்பத்தக்க பாகம் எது என்று கேட்டால் அந்த எல்ஈடியைத்தான் காட்டுவேன்.

உறிஞ்சுவதற்குப் பெரிஸ்டால்டிக் பம்ப். சிலிக்கான் டியூபை உருளைகள் அழுத்தி அழுத்தித் தள்ளும் வகை, 12 வோல்ட்டில் ஓடுவது. விசிறி சுற்றும் சாதாரண பம்ப் ஆர்ட்டீமியாவை அடித்துக் கூழாக்கிவிடும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி வருகிறது என்று அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்துக்கொள். டியூப் தளரத் தளர அளவு மாறும், அவ்வப்போது மறுபடியும் பார்க்க வேண்டும்.

டியூப் விஷயத்தில் மட்டும் கறாராக இரு. பம்ப் நின்றதும் டியூபுக்குள் தங்கிய ஆர்ட்டீமியா காற்றில்லாமல் செத்து அழுகும், அடுத்த வேளை முதலில் தொட்டிக்குள் விழுவது அதுதான். ஆகவே இரை போட்டு முடிந்ததும் மோட்டார் சில நொடி எதிர்த்திசையில் சுற்றி, டியூபில் இருப்பதைப் பாட்டிலுக்கே திருப்பி இழுத்துவிட வேண்டும். அதற்குச் சுவிட்சு போல ஆன்-ஆஃப் மட்டும் செய்யும் ஒரு ரிலே போதாது, திசை மாற்றும் மோட்டார் டிரைவர் போர்டு வேண்டும். டியூபின் வெளிமுனை தொட்டித் தண்ணீரைத் தொடாமல் மேலே நிற்கட்டும். தொட்டால் எதிர்த்திசையில் ஓடும்போது தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்குள் போய் உப்பைக் குறைக்கும். அந்த வெளிமுனை பாட்டிலின் நீர்மட்டத்தைவிட உயரமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் டியூப் தேய்ந்த ஒரு நாளில் உப்புநீர் தானாகவே தொட்டிக்குள் இறங்கிவிடும்.

உப்பைப் பற்றிப் பயப்படாதே, கணக்கைப் பார். ஒரு வேளைக்கு 5 மில்லி, அதில் உப்பு 125 மில்லிகிராம். நாளுக்கு ஆறு வேளை என்றால் முக்கால் கிராம், நாலு நாளில் 3 கிராம். உன் குஞ்சுத் தொட்டி 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 0.15 கிராம். திரும்பி வந்து தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும். வெளிச்சத்தில் திரட்டி உறிஞ்சுவதால்தான் 5 மில்லி போதுமானதாகிறது.

இத்தனையையும் வரிசைப்படி நடத்த நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணு போர்டான ஆர்டுவினோ ஒன்று, கூடவே டிஎஸ்3231 கடிகார மாட்யூல். அதற்கென்று சின்ன பேட்டரி இருப்பதால் மின்சாரம் போய் வந்தாலும் நேரம் தப்பாது. ஏர் பம்ப் யூஎஸ்பியில் ஓடுவதாக வாங்கு, தண்ணீருக்குப் பக்கத்தில் வீட்டு மின்சாரம் வேண்டாம். என் முதல் பம்ப் இரவெல்லாம் யாரோ பக்கத்தில் குறட்டை விடுவது போலச் சத்தம் போட்டது. மனைவி அதைக் கூடத்திலிருந்து நாடு கடத்திவிட்டாள், இப்போது பெட்டி மொத்தமும் மாடியறையில்.

மின்சாரம் போவதைப் பற்றி ரொம்ப யோசித்தேன். காற்று நின்றால் பாட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஆர்ட்டீமியா மூச்சுத் திணறும். மின்சாரம் திரும்பி வந்ததும் இயந்திரம் கடமை தவறாமல் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு அனுப்பும். உலர் தீனி டப்பாவால் முடிந்த கேடு பட்டினி போடுவது மட்டும். இது பட்டினி போட்டதோடு நிற்காமல் விஷமும் வைக்கும். ஆகவே எப்போது போடக்கூடாது என்றும் அதற்குத் தெரிய வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நேரத்தைத் தன் நினைவகத்தில் குறித்து வைக்கிறது. மின்சாரம் வந்து விழித்ததும் குறிப்பையும் கடிகாரத்தையும் ஒப்பிட்டு, இடைவெளி ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் பம்பை ஓட்டாமல் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கலாமே என்பாய். அந்த நினைவகம் ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம், அந்த வேகத்தில் ஓராண்டுகூடத் தாங்காது. ஏர் பம்புக்கு ஒரு பவர் பேங்கையும் கோத்துவிடு.

கேமரா, மொபைல் செயலி என்று நீ எழுதியிருந்ததற்கு என் பதில்: வேண்டாம்டா. முந்நூறு மைல் தள்ளி உட்கார்ந்து கலங்கிய பாட்டிலைப் பார்த்துக் கவலைப்படலாம், வேறென்ன செய்வாய்? அந்தப் பணத்தில் இரண்டாவது ஏர் பம்ப் வாங்கி வை. கிளம்புவதற்கு முன் நீ வீட்டில் இருக்கும்போதே பெட்டியை ஓடவிட்டு, கை வைக்காமல் வேடிக்கை மட்டும் பார். இரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரிய வேண்டும். எல்லா வயிறும் ஆரஞ்சு என்றால் அளவு சரி. தொட்டியின் அடியில் ஆரஞ்சுப் படலம் தெரிந்தால் அதிகம், பம்ப் ஓடும் நொடியைக் குறை. நாலு நாளுக்கு மேல் இதை நம்பாதே, பாட்டிலின் அடியில் சேரும் கசடு அதற்கு மேல் நாற ஆரம்பிக்கும்.

எழுதும்போது குஞ்சு எந்த இனம், நீந்த ஆரம்பித்து எத்தனை நாள், தொட்டி எத்தனை லிட்டர் என்று சொல். வாய் ரொம்பச் சின்ன இனமாக இருந்தால் முதல் நாட்களில் ஆர்ட்டீமியாவே உள்ளே நுழையாது. அப்படியென்றால் கிளம்புவதற்கு முன் வினிகர் புழுவைத் தாராளமாக விட்டுவிட்டு, நாளுக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ. அந்தப் பிள்ளை என் பெட்டியைவிடக் கெட்டிக்காரனாகவே இருப்பான்.

பம்ப் ஒன்று உபரியாகக் கிடக்கிறது, படத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். டியூப் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்