பஞ்சமும் விதைநெல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய காலத்துப் பஞ்சங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். மழை பொய்த்தது, சனம் செத்தது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு போகம் தவறினால் எப்படியோ தாக்குப்பிடிக்க அந்தக் காலத்துச் சனத்துக்கும் தெரியும். அடுத்த போகமும் தவறும்போதுதான் ஊர் காலியாகும், ஏனென்றால் அதற்குள் விதைக்கு வைத்ததையும் தின்று முடித்திருப்பார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை செய்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். ஏக்கருக்கு இரண்டு புசல் (நெல் அளக்கும் ஓர் அளவு) விதைத்து எண்பது புசல் வந்தால் சுமாரான விளைச்சல் என்கிறோம். 700 வருடங்களுக்கு முந்திய ஐரோப்பாவில் ஒரு மூடை கோதுமை விதைத்தவனுக்கு நாலு மூடை கிடைத்தாலே பெரிய காரியம். அதில் ஒன்று திரும்ப விதைக்கு, மிச்சம் மூன்றில்தான் பிரபுவுக்கும் தேவாலயத்துக்கும் கொடுத்து வீட்டுக்கும் பார்க்க வேண்டும். விளைச்சல் பாதியாகி இரண்டு மூடை வந்தால், விதை போக மிஞ்சுவது ஒன்றே ஒன்று, அதாவது மூன்று இருந்த இடத்தில் ஒன்று. 1315 இல் அங்கே வந்தது வறட்சிகூட இல்லை, அடை மழை. தானியம் வயலிலேயே அழுகியது, வைக்கோல் காயவில்லை, உப்பு விளையாததால் இறைச்சியைப் பதப்படுத்தவும் வழியில்லை, அடுத்த வருடமும் அதே மழை.

சரி, பக்கத்து நாட்டில் நன்றாக விளைந்திருந்தால் கொண்டுவரலாமே என்று கேட்கலாம். ஆறோ கடலோ இல்லாத ஊருக்கு மாட்டு வண்டிலில்தான் வர வேண்டும், தூரம் கூடக் கூட ஏற்றின தானியத்தின் விலைக்குச் சமமாகக் கூலியும் மாட்டுத் தீனியும் வந்துவிடும், வாங்குகிறவன் கையிலோ காசில்லை.

அப்புறம் ஆட்சி செய்தவர்கள். இதைத்தான் அந்தக் கட்டுரை தொடவே இல்லை. 1783 இல் வடகிழக்கு ஜப்பானில் குளிரால் நெல் பதராய்ப் போனபோது சில சிற்றரசுகளின் களஞ்சியங்கள் ஏற்கெனவே வெறுமையாகக் கிடந்தன, கடனை அடைப்பதற்காக அரிசியை ஒசாகாவுக்கும் எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) ஏற்றிவிட்டிருந்தார்கள். வங்காளத்தில் 1770 இல் இலட்சக்கணக்கானோர் செத்த பிறகும் கிழக்கிந்தியக் கம்பனி வரியை விடவில்லை. 1771 இல் வசூலானது பஞ்சத்துக்கு முந்திய 1768 ஐயும் தாண்டியது என்று கம்பனியின் வங்காள ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸே இலண்டனுக்கு எழுதினார். அந்தச் சாவுகளுக்கு வானத்தை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1743 இல் வடசீனாவில் கடும் வறட்சி வந்தபோது அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு தன் களஞ்சியங்களைத் திறந்து, கால்வாய் வழியாகத் தெற்கிலிருந்தும் தானியம் கொண்டுவந்து வீடு வீடாகப் பதிந்து கொடுத்தது, பெருஞ்சாவு தவிர்ந்தது. உங்கள் இதழைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். அடுத்த வாரமாவது இந்தப் பக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகன்,
வெல்லாவெளி, மட்டக்களப்பு