அக்காவுக்கு, கார்ச்சிங்கிலிருந்து

கார்ச்சிங், மியூனிக் பக்கம்
நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடைசியில் அப்பா எழுதிய இரண்டு வரியும் கோணிக் கீழே இறங்கியிருக்கிறது. கண் அவ்வளவு மங்கிவிட்டதா?

நான் நன்றாக இருக்கிறேன். நாலரைக்கே இருட்டிவிடுகிறது, குளிரும் அதிகம்தான். பழைய கோட்டே போதும். நீ கொடுத்த கேழ்வரகு மாவில் ஞாயிற்றுக்கிழமை களி கிண்டினேன். மேல்வீட்டுப் பாட்டி இறங்கி வந்துவிட்டார். பிட்டு, கீரையில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று செய்து காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அப்புறம் இன்னொரு உருண்டை கேட்டார்.

அங்கே அவளுக்கு என்னதான் வேலை என்று அத்தை கேட்டாராமே, இப்படிச் சொல். அப்பா நம்மை ஆலங்காயம் பஸ்ஸில் காவலூருக்குக் கூட்டிப் போனாரே, அந்தப் பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர். நாங்கள் நம்பியிருக்கும் ஜேம்ஸ் வெப் என்ற விண்வெளி டெலஸ்கோப்புக்கு 6.5 மீட்டர்; பூமியைவிட்டு 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிரபஞ்சம் விரிய விரிய, தூரத்து ஒளியின் அலை நீண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகிவிடும். வெப் பார்ப்பது அதைத்தான். எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்தால் அது கிளம்பிய காலம் தெரிந்துவிடும். 2024-ல் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸியை, அதாவது ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டத்தை, இப்படித்தான் உறுதி செய்தார்கள். அந்த ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்குச் சுமார் 30 கோடி வயது. இன்றைக்கு 1,380 கோடி. அத்தனை இளசில் இத்தனை பிரகாசம் யாரும் எதிர்பார்க்காதது. மறுவருடம் சிலியிலுள்ள அல்மா என்ற ரேடியோ டெலஸ்கோப்பின் ஆன்டெனாக்கள் அதில் ஆக்சிஜனைக் கண்டன. ஆக்சிஜன் நட்சத்திரத்தின் வயிற்றில்தான் உண்டாகும். அப்படியானால் அந்த 30 கோடி வருடத்துக்குள்ளேயே நட்சத்திரங்கள் பிறந்து, வாழ்ந்து, வெடித்தும் முடிந்திருக்கின்றன! நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வரத்துக்கால் இருந்தால்தான் ஏரி நிரம்பும். கேலக்ஸி வளரவும் வெளியிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வரத்தைக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை.

ராத்திரி கடைசித் தழை போட்டுவிட்டு நீயும் நானும் பட்டுப்புழுக் கொட்டகை வாசலில் உட்காருவோமே அக்கா, உள்ளே புழு தின்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமே. இங்கே ஒரு சத்தமும் இல்லை.

சரி, பட்டுக்கூடு இந்தத் தடவை என்ன விலைக்குப் போனது? அப்பாவின் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே. இந்த மாதம் பணம் வராது. வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், அவ்வளவுதான். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அதற்குள் யாரிடமும் வட்டிக்கு வாங்காதே, என் வளையலை அடகு வை. போர்வெல்லில் பங்கு என்று சித்தப்பா வந்தால், மாமா இல்லாமல் எதற்கும் தலையாட்டாதே. நிலத்துக்கான பட்டாதார் பாஸ்புக் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதை எடுத்து மாமாவிடம் கொடுத்து வை.

உன் தங்கை,
வசந்தி