சனிக்கிழமைக் கதைக்கூடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பெற்றோரே, முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, தூணோரம் நிற்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டுப் பொதுக்குழுவில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடையேறிச் சிங்கமும் முயலும் கதை சொன்னான். கிணற்றடி வரைக்கும் மடமடவென்று வந்தது. அங்கே ஒரு வரி மறந்துபோயிற்று. திரும்பவும் "ஒரு காட்டில்" என்று முதலிலிருந்து பிடித்தான். மறுபடியும் அதே கிணற்றடியில் நின்றான். மூன்றாம் தடவை அவன் அம்மா கீழேயிருந்து வரியை எடுத்துக் கொடுத்தார். கதை முடிந்தது, கைதட்டினோம். கூட்டம் முடிந்து சாப்பிடும்போது பார்த்தால், அதே பையன் பள்ளிக்கூடத்துச் சண்டை ஒன்றைக் கூட்டாளிகளுக்குக் கால்மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். யார் முதலில் தள்ளியது, சட்டைப் பொத்தான் எங்கே போய் விழுந்தது, வாத்தியார் வந்ததும் யார் யார் நல்லபிள்ளை ஆனார்கள், எல்லாம் வருகிறது. எங்கும் நிற்கவில்லை. அவனிடம் மனப்பாடம் செய்த வரி எதுவும் இல்லை. சண்டை மட்டும் கண்ணுக்குள் இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு ஒப்பிக்க வருகிறது, சொல்ல வரவில்லை என்று அன்றைக்கே சிலர் பேசிக்கொண்டோம். காரைக்குடியில் 1939 முதல் கம்பன் விழா நடக்கிற பக்கம் இது. நல்ல பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் இங்கே நிறைய. வாய்க்குத்தான் பழக்கம் போதவில்லை. கண்ணுக்குள் ஒரு படம் இருந்தால் வாய் தானாக வரும் என்று தோன்றியது. அப்படித்தான் சனிக்கிழமைக் கதைக்கூடம் தொடங்கியது. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதைப் பற்றியதே. சங்கத்தின் மற்ற வேலைகளைக் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடம். பொதுக் கட்டடம் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு கிடையாது என்றார்கள். யார் என்ன என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பூட்டியே கிடக்கும் வீடு ஒன்றின் முகப்பைத் திறந்துவிட நம் உறுப்பினர் ஒருவர் ஏற்பாடு செய்தார். இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு ஒன்று, பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊர். எல்லோரிடமும் சம்மதம் வாங்குவதற்குள் ஆனி போய் ஆவணி வந்துவிட்டது. ஆனால் அந்த வீடு கிடைத்ததுதான் எங்களுக்கு நடந்த நல்ல காரியம். அது இடம் மட்டும் தரவில்லை, பாடமும் நடத்தியது.

எப்படி என்று சொல்கிறேன். கதையென்றால் யார், எங்கே, என்ன வேண்டியிருந்தது, என்ன தடங்கல், என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது என்று ஓர் ஒழுங்கு இருக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பிள்ளைகள் நோட்டில் பார்த்தெழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஆசிரியை ஒருவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் அந்த வீட்டையே வரைந்தார். முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். கதை சொல்கிறவர் முகப்பில் நின்று யார் வந்தார், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். வளவுக்குள் காலை வைத்தால், வந்தவருக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேண்டும். இரண்டாங்கட்டில் சிக்கல். அடுப்படியில் அதற்கு என்ன செய்தார்கள். பின்வாசல் வழியாகக் கதை வெளியே போய்விட வேண்டும். இரண்டாங்கட்டிலிருந்து நேரே பின்வாசலுக்குத் தாவினால் மற்ற பிள்ளைகள் "அடுப்படி! அடுப்படி!" என்று கத்துவார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஆச்சி ஒருவர், "எங்க வீட்டுல சிக்கலே அடுப்படியிலதான்" என்றார். அதையும் ஒரு பெண் கதையாக்கிவிட்டாள்.

நடந்துகொண்டே சொன்னதில் இன்னொரு லாபம், நடுவில் மறந்தால் முதலுக்கு ஓட வேண்டியதில்லை. காலுக்குக் கீழே எந்தக் கட்டு இருக்கிறதோ அங்கிருந்து தொடரலாம்.

அப்புறம் இந்த "அப்புறம்" விவகாரம். பிள்ளைகள் கதை சொன்னால் வாக்கியத்துக்கு வாக்கியம் அப்புறம், அப்புறம் என்றுதான் போகிறது. நடந்தவை வரிசையாக வரும். எதனால் எது நடந்தது என்பது வராது. ஓலைக் கொட்டான், அதாவது ஓலையில் முடைந்த சின்னக் கூடை ஒன்றை நடுவில் வைத்து, ஒவ்வோர் அப்புறத்துக்கும் ஒரு புளியங்கொட்டை போடச் சொன்னோம். முதல் நாள் கொட்டான் நிறைந்தது. பிறகு "அதனால்", "ஆனால்", "அதுக்குள்ள" என்று எழுதிய மூன்று வண்ண அட்டைகளைக் கையில் கொடுத்தோம். அட்டையைத் தூக்கிக் காட்டினால் அந்தச் சொல்லை வைத்துத் தொடர வேண்டும். பங்குனி வாக்கில் கொட்டானின் அடி தெரிய ஆரம்பித்தது. ஒரேயடியாகக் காலியாகவும் இல்லை, ஆக வேண்டியதும் இல்லை. செயலாளரின் இந்த அறிக்கைக்கே எத்தனை கொட்டை விழும் என்று பிள்ளைகள் அங்கே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆத்தங்குடிக்குப் போனதை விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தினமும் மிதிக்கிற தரைக்கல் எப்படி உருவாகிறது என்று பெரியவர்களிலேயே பாதிப் பேர் பார்த்ததில்லை. முதலில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் பூவும் கொடியுமாக உலோக அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணக் குழம்பை அளவாக ஊற்றி, அச்சைக் கை நடுங்காமல் தூக்குகிறார்கள். மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் பூசிச் சமன் செய்கிறார்கள். இறுகிய பிறகு சில நாள் தண்ணீரில் கிடக்கிறது. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடியிலிருந்து விடுபடும்போதுதான் அந்த வழவழப்பு தெரிகிறது.

அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கு இதை ஆறு தாளில் படமாக வரைந்து சொல்ல வேண்டும் என்பது வேலை. தாளைக் கலைத்துப் போட்டதும் பெரிய தகராறு. கண்ணாடி முதலா கடைசியா? ஒரு கட்சி முதல் என்றது, ஒரு கட்சி கடைசி என்றது. இரண்டும் சரிதான்: முதலில் வைப்பது அதுதான், கடைசியில் எடுப்பதும் அதுதான். ஒரே பொருள் கதையில் இரண்டு தடவை வரலாம், இரண்டாம் தடவை அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்பதைப் பாடமாக நடத்தியிருந்தால் ஒரு பிள்ளைக்கும் ஏறியிருக்காது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கல்லே பேசுவதுபோல் சொன்னாள்: "எனக்கு முகத்தைத்தான் முதல்ல வரைஞ்சாங்க. ஆனா கவுத்துப் போட்டு வரைஞ்சதால, என் முகத்தை நானே கடைசியிலதான் பார்த்தேன்." அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இனி எங்கள் தவறுகள். ஜப்பானில் 1930-களில் தெருத்தெருவாகச் சைக்கிளில் போய்க் கதை சொன்னவர்கள் இருந்தார்கள். கமிஷிபாய் என்று பெயர். சைக்கிளின் பின்னால் ஒரு சின்ன மரச்சட்டம். அதற்குள் பட அட்டைகள். ஒவ்வொன்றாக உருவி உருவிக் கதை. மிட்டாய் விற்றுப் பிழைப்பு. இது நமக்கும் ஆகுமே என்று பழைய ஜன்னல் கதவை எடுத்து ஆசாரியிடம் கொடுத்துச் சட்டம் செய்தோம். பர்மாத் தேக்கு. பார்க்க அரண்மனை போல இருந்தது, தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு பையன் காலில் விழத் தெரிந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டு அட்டைப்பெட்டியில் ஒன்று செய்துகொண்டோம். தேக்குச் சட்டம் இப்போது பத்திரிகை அடுக்கப் பயன்படுகிறது.

அதைவிடப் பெரிய தவறு வேறு. கமிஷிபாயில் பார்ப்பவர்களுக்குப் படம், சொல்பவருக்குப் பின்பக்கத்தில் எழுத்து. முதல் படத்துக்கான எழுத்து கடைசி அட்டையின் முதுகில் இருக்கும். நல்ல ஏற்பாடு என்று நாங்களும் பின்பக்கம் எழுதவிட்டோம். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் வாசித்தார்கள். பழையபடி ஒப்பித்தல்தான், காகிதம் மட்டும் புதிது. பிறகு அட்டைக்கு மூன்று சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது என்று வைத்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், செயற்குழுவில் சிலருக்கு வருத்தமாக இருந்தாலும். ஐப்பசி முதல் மார்கழி வரை கதைக்கூடம் ஓவிய வகுப்பாக மாறிவிட்டது. படங்கள் அழகாகிக்கொண்டே போயின. வானத்துக்கு எந்த நீலம் என்பதில் ஒரு மணி நேரம் போகும்; கதை சொல்ல ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. கேட்டால், "அதான் படத்துலயே இருக்கே" என்று பதில் வரும். படத்தில் எல்லாம் இருந்தால் வாய்க்கு என்ன வேலை? பொங்கல் கழிந்து விதி மாறியது: ஒரு பென்சில், இரண்டு நிமிடம், குச்சி மனிதர்கள், பாதி வரைந்தால் போதும். மீதியைச் சொல்ல வேண்டும். கண்காட்சி வைக்கவில்லையே என்று கேட்ட பெற்றோருக்கு இதுதான் பதில். காட்டுகிற மாதிரி படம் எதுவும் எங்களிடம் இல்லை, வேண்டுமென்றே இல்லை.

இதே பாதிப்படம்தான் பெரியவர்களிடம் கதை வாங்கவும் உதவியது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது அங்கிருந்து நடந்தே இந்தியா வந்தவர்களின் குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. தன் அப்பச்சி அப்படி வந்ததை ஓர் ஐயா சொன்னார். எங்கள் தலைமுறை கேட்டிருந்தால் "பாவம்" என்று தலையாட்டியிருப்போம். பிள்ளைகள் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்கள், வரைய முடியாத இடத்திலெல்லாம் கேள்வி வந்தது. காலில் செருப்பு இருந்ததா? மூட்டையைத் தலையில் வைத்தாரா, தோளிலா? மூட்டைக்குள் என்ன? ஐயாவுக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் அந்தக் கதையைச் சொல்லியும் மூட்டைக்குள் என்ன என்று தானும் கேட்டதில்லை, தன்னை யாரும் கேட்டதும் இல்லை என்றார். அடுத்த சனிக்கிழமை தன் அக்காளிடம் போனில் விசாரித்துக்கொண்டு வந்தார். கணக்குப் புத்தகமும் ஒரு வெண்கலச் செம்பும். பிள்ளைகள் மூட்டையைத் திரும்ப வரைந்தார்கள், செம்பு பிதுங்குகிற மாதிரி.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்கு ஒரு நாள் போய்வந்தோம். சேதுபதி மன்னர் காலத்துச் சுவரோவியங்களில் ஒரே மன்னர் இங்கே சபையில் இருக்கிறார், அங்கே தஞ்சை மராத்தியரோடு போர், இன்னோர் இடத்தில் ஐரோப்பியரோடு சந்திப்பு. "இத்தனை ராஜாவா?" என்று கேட்ட பிள்ளைக்கு, எல்லாம் ஒருவரே, நாம்தான் நகர வேண்டும் என்று இன்னொரு பிள்ளை விளக்கியது. திரும்பும்போது பேருந்தில் இருவருக்கு வாந்தி, மற்றபடி சுகம்.

நிழல் பொம்மை பற்றிக் கொஞ்சம். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருக்கிற கலைஞர் ஒருவரே பல பாத்திரங்களுக்குக் குரல் மாற்றிப் பேசுவார். அதைக் கேள்விப்பட்டு, பழைய வேட்டியைக் கட்டி, பின்னால் விளக்கு வைத்து, அட்டையில் வெட்டிய உருவங்களை ஆட்டினோம். ஆவணியிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்துபோன பிள்ளை ஒன்று, வேட்டிக்குப் பின்னால் போனதும் ராட்சசன் குரலில் பேசியது. முன்னால் வந்ததும் பழையபடி மௌனம். பரவாயில்லை, வேட்டி இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கதைக்கூடத்துக்குள் கைப்பேசியை நீட்டிப் படம் பிடிக்காதீர்கள் என்று தை மாதம் சொன்னபோது சிலர் கோபித்துக்கொண்டார்கள். கைப்பேசியைக் கண்டதும் பிள்ளை எதிரே இருப்பவர்களை விட்டுவிட்டு அதைப் பார்த்துப் பேசுகிறது, நடுவே நின்றுவிட்டால் "முதல்ல இருந்து எடுங்கப்பா" என்கிறது. நாங்கள் ஓராண்டு பட்ட பாடு அந்த "முதல்ல இருந்து" போவதற்காகத்தான். மதிப்பெண்ணுக்கு உதவுமா என்றும் கேட்கிறார்கள். கட்டுரையில் முன்னேற்றம் தெரிகிறது என்று இரண்டு ஆசிரியர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் நான் உறுதி தரமாட்டேன்.

சங்கத்தின் மற்ற வேலைகள்: படிப்பகம் வழக்கம்போல் மாலையில் திறந்திருந்தது. மழையில் ஒழுகிய ஓடு மாற்றப்பட்டது. இரவல் போன புத்தகங்களில் சில இன்னும் திரும்பவில்லை. வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். வரும் ஆண்டில் கதைக்கூடத்தை இன்னொரு தெருவிலும் நடத்த எண்ணம். பழைய வேட்டி, ஓலைக் கொட்டான், ஒரு பக்கம் எழுதிய தாள் தருபவர்கள் தரலாம். தேக்கு வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதற்கு முன் ஐந்து நிமிடம். போன ஆண்டு கிணற்றடியில் நின்ற பையன் இப்போது மேடைக்கு வருகிறான். கையில் பாதி வரைந்த தாள் ஒன்றுதான் இருக்கிறது. என்ன கதை என்று எனக்கும் தெரியாது. நடுவில் நின்றால் நிற்கட்டும். தயவுசெய்து கீழேயிருந்து யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.