இடைவேளை எவ்வளவு நேரம் என்று திரையில் காட்டச் சொல்லுங்கள்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அதிகாரிகளுக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

டிவி விளம்பர நேரத்துக்கு என்ன விதி இருக்கிறது, அது இன்று எந்த நிலையில் கிடக்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். விளம்பர இடைவேளை தொடங்கும்போதே அது எத்தனை நிமிடம் என்பதைத் திரையின் ஒரு மூலையில் காட்ட வேண்டும், அந்த நேரம் குறைந்துகொண்டே வருவது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாச் சேனல்களுக்கும் இப்படி ஓர் உத்தரவு போடுங்கள்.

போன மாதம் என் அம்மா விழுந்துவிட்டார். அவருக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, வலி அடங்கிய பிறகுதான் முதல் அடி வைப்பார். எங்கள் வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் பின்கட்டில் இருக்கின்றன, நடுவில் ஒரு படி இறங்கி ஏற வேண்டும். தொடர் ஓடும்போது அம்மா எழுந்திருக்க மாட்டார், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், விளம்பரம் வந்ததும் கிளம்புவார். அன்றைக்கும் அப்படித்தான் போனார். திரும்பி வரும்போது தொடரின் பாட்டு கேட்டிருக்கிறது, ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து வேகமாகக் காலை எடுத்து வைத்தவர் படியில் இடறி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு.

இதில் எனக்கு ஆறவே இல்லாத விஷயம் என்னவென்றால், அம்மா விழுந்தபோது தொடர் ஆரம்பிக்கவே இல்லை. அந்தப் பாட்டு, அதே தொடரின் நாளைய காட்சிக்காக இடைவேளைக்கு நடுவிலேயே சேனல் போட்ட முன்னோட்டம். அவரைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆட்டோவுக்குப் போன் செய்து முடிக்கும்வரை நகைக்கடை விளம்பரமும் நகைக்கடன் விளம்பரமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. நிதானமாக நடந்து வந்திருந்தாலும் அவருக்கு நேரம் மிச்சம் இருந்திருக்கும். அது அவருக்குத் தெரிய வழியில்லை.

இதற்குச் சேனலை மட்டும் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. வயசான காலத்தில் தடுக்கி விழுவது எப்படியும் நடக்கும் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஆப்பில் பார்க்கலாமே, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாமே என்று உறவினர் ஒருவர் கேட்டார். கைப்பேசித் திரையில் அம்மாவுக்கு முகமே தெரியாது. அதோடு, சாயங்காலம் 7 மணியிலிருந்து அவருக்கு வரிசையாக நான்கைந்து தொடர்கள் உண்டு, அப்பா போன பிறகு அவருடைய பொழுதே அவற்றை நம்பித்தான் போகிறது. அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் விளம்பர நேரத்தில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் ஒருமுறையாவது யோசித்திருக்கிறீர்களா? டிவி முன்னால் உட்கார்ந்து சோப்பு விளம்பரம் பார்ப்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ராத்திரிச் சமையலே விளம்பர நேரத்தில்தான் நடக்கிறது. முதல் இடைவேளையில் அரிசி களைந்து குக்கரை ஏற்றுவது, அடுத்ததில் சட்னிக்கு அரைப்பது, அதற்கடுத்ததில் கல்லைப் போட்டு இரண்டு தோசை, நடுவில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது, கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வருவது, பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டில் கையெழுத்துப் போடுவது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது. பகல் முழுக்க வேலைக்குப் போய்விட்டு வந்த பெண்களுக்கு அந்த நான்கைந்து நிமிடம் ஓய்வு இல்லை, ஓட்டம். பால் பொங்கிற்று, தோசை கருகிற்று என்பதெல்லாம் சின்ன விஷயம். அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தோடு ஓடி வந்து உட்கார்வது சின்ன விஷயம் இல்லை.

இடைவேளை எப்போது முடியும் என்பதை ஒவ்வொருவரும் ஒரு குறி வைத்துத்தான் கணிக்கிறார்கள். சேனலின் சொந்த முன்னோட்டம் வந்தால் முடியப் போகிறது என்பது பழைய கணக்கு. இப்போது அந்த முன்னோட்டமே ஓர் இடைவேளையில் இரண்டு முறை வருகிறது, முதல் முறை வரும்போது எல்லோரும் கையில் கரண்டியோடு ஓடி வந்து ஏமாந்து திரும்புகிறார்கள். வேறு சேனலுக்கு மாற்றினால் பல நேரம் அங்கேயும் அதே நேரத்தில் விளம்பரம்.

ஜனங்கள் இப்படி ஒரே நேரத்தில் எழுந்து போவது புதிதில்லை. இங்கிலாந்தில் மின்சாரத் துறைப் பொறியாளர்கள் இதை எத்தனையோ ஆண்டுகளாகக் கவனித்து, டிவி நிகழ்ச்சி நேரத்தைப் பார்த்து மின் உற்பத்தியைத் தயார் செய்தார்கள். இடைவேளை வந்ததும் நாடு முழுக்க டீ போட எழுந்திருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஆடிய ஆட்டம் பெனால்டியில் முடிந்ததும் மின்தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் ஏறியது. மின்சாரம் கொடுக்கிறவர்கள் கவனித்த மனுஷ நடமாட்டத்தை, ஒளிபரப்பை மேற்பார்க்கிற நீங்கள் கவனிக்கக் கூடாதா?

நீங்கள் கவனிக்காமலும் இல்லை. 2012 மே மாதம் டிராய் போட்ட ஒழுங்குமுறையில் எவ்வளவு நல்ல விஷயங்கள் இருந்தன! ஓர் இடைவேளைக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது 15 நிமிடம், சினிமா என்றால் 30 நிமிடம், விளம்பரத்தின் சத்தம் நிகழ்ச்சியின் சத்தத்தைவிடக் கூடக் கூடாது, நிகழ்ச்சி ஓடும்போது திரையின் ஓரத்தில் விளம்பரம் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். 2013 மார்ச்சில் திருத்தம் வந்தபோது இவையெல்லாம் போய்விட்டன, மிஞ்சியது மணிக்கு 12 நிமிடம் என்ற வரம்பு ஒன்றுதான். அதுவும் 1994 கேபிள் டிவி விதிகளில் ஏற்கெனவே இருந்ததுதானே, விளம்பரத்துக்கு 10, சேனலின் சொந்த விளம்பரத்துக்கு 2 என்று. பிறகு ஒளிபரப்பாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், கடும் நடவடிக்கை கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது, வழக்கு பத்தாண்டுகளுக்கும் மேல் இழுத்தது. மணிக்கு 12 நிமிடம் என்ற கணக்கைப் பாதியாக்கினால் அரை மணி நேரத் தொடருக்கு 6 நிமிட விளம்பரம்தான் வருகிறது. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் எட்டு, ஒன்பது நிமிடம் என்பது சாதாரணம்.

இதற்குக் காசும் நாங்கள்தான் கொடுக்கிறோம். 2019இல் புதிய கட்டண முறை வந்தபோது, பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்று சொன்னீர்கள். அப்போது 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரி தனி, கட்டணச் சேனல்களுக்கு அதற்கு மேல் தனித்தனியாக. சரி, கட்டினோம். பணம் கட்டிப் பார்க்கிற சேனலில் ஏன் இலவசச் சேனலுக்குக் குறையாத விளம்பரம் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தின் ஒலி மிதமிஞ்சிப் போகக் கூடாது என்று அதே 1994 விதிகள் சொல்கின்றன. அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் போட்டு 2012 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறார்கள். இங்கே காது மந்தமான பெரியவர்கள் வசனம் கேட்க ஒலியைக் கூட்டி வைத்திருக்கும் நேரத்தில் விளம்பரம் வந்தால் தொட்டிலில் தூங்குகிற குழந்தை அலறி எழுந்திருக்கிறது.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், மன்னிக்கவும். இவற்றையெல்லாம் இன்றைக்கே தீர்த்துவையுங்கள் என்று நான் கேட்கவில்லை. இடைவேளை எவ்வளவு நேரம் என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதனால் விளம்பர நேரம் ஒரு நொடிகூடக் குறையாது, சேனலின் வருமானத்தில் கை வைக்கிற பேச்சே இல்லை.

நேரம் முன்கூட்டித் தெரியாது என்று சேனல்கள் சொன்னால் நம்பாதீர்கள். 10 நொடிக்கு இவ்வளவு என்று விலை பேசி விற்கிறவர்களுக்கு எந்த விளம்பரம் எந்த நொடியில் ஓடும் என்பது முன்பே வரிசைப்படுத்தி வைத்த விஷயம். நேரலை ஆட்டங்களில் வேண்டுமானால் முன்னே பின்னே இருக்கலாம், தொடருக்கும் சினிமாவுக்கும் அந்தச் சாக்குச் செல்லாது. யூடியூபில் விளம்பரம் இன்னும் எத்தனை நொடி என்று காட்டுகிறார்கள், அதனால் அங்கே யாரும் விளம்பரம் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. நேரம் தெரிந்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயப்படுவார்களானால், இப்போதும் எழுந்துதான் போகிறார்கள். தெரியாததால் திரும்பி ஓடி வருகிறார்கள்.

எண்கள் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி போடாமல் பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் தெரிகிற அளவுக்கு. முன்னோட்டம் ஓடும்போதும் எண் மறையக் கூடாது, தொடரின் பாட்டைக் கேட்டு யாரும் ஏமாறாமல் இருக்க அதுதான் முக்கியம். நேரம் முடிந்த பிறகும் விளம்பரம் ஓடினால் புகார் செய்ய ஒரு தொலைபேசி எண் கொடுங்கள், தமிழில் பேசினால் புரிந்துகொள்கிற ஆளாகப் போடுங்கள்.

தயவுசெய்து இந்த ஒரு உத்தரவைப் போடுங்கள். அம்மாவின் கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள், அவர் மறுபடியும் எழுந்து நடக்கத்தான் போகிறார்.

இப்படிக்கு,
மாதாமாதம் கேபிள் கட்டணம் தவறாமல் கட்டும் ஒரு மகள்,
தஞ்சாவூர்.