வட்டத்தில் பாதியைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் தாமஸ் நாஸ்ட் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வந்ததைப் பார்த்ததும், காபி ஆறியதுகூடத் தெரியாமல் படித்தேன். அந்தச் சந்தோஷம் இரண்டாம் பக்கத்தைத் திருப்பும் வரைதான். 1871 ஆகஸ்ட் 19ஆம் தேதி ஹார்ப்பர்ஸ் வீக்லி வார இதழில் வந்த அவருடைய புகழ்பெற்ற படத்தை அங்கே போட்டிருந்தீர்கள். அதாவது, பாதிப் படத்தை.

உங்களுக்குத் தெரியாததில்லை. ‘மக்கள் பணத்தைத் திருடியது யார்?’ என்று கேட்டால், அந்தப் படத்தில் நியூயார்க் அரசியலை ஆட்டிவைத்த ட்வீட், மேயராக இருந்த ஹால் என்பவர், நகரத்தின் கணக்கைப் பார்த்த கானலி, ஒப்பந்தக்காரர்கள் என்று ஒரு கும்பலே வட்டமாக நின்றுகொண்டு ஆளுக்கு ஆள் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டும். நியூயார்க் நகரத்தைச் சுரண்டிய அந்தக் கூட்டத்துக்கே ‘ட்வீட் வளையம்’ என்றுதான் பெயர். வளையத்தை வெட்டினால் படத்தில் என்ன மிஞ்சும்? உங்கள் லே-அவுட் கலைஞர் ட்வீடின் தொப்பையையும் கூட இரண்டு ஆட்களையும் மட்டும் விட்டுவைத்து, மிச்ச இடத்தில் மூட்டுவலித் தைல விளம்பரத்தைச் சேர்த்திருக்கிறார். இப்போது விளிம்பில் நிற்கிறவர் தைலப் புட்டியைக் கைகாட்டுகிறார். நியூயார்க் கஜானாவைக் கொள்ளையடித்தது தைலம்தான் போலிருக்கிறது.

நான் 31 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஒருமுறை பள்ளி ஆண்டு மலருக்கு லினோ என்ற அச்சுத் தகட்டில் அட்டைப்படம் செதுக்கினேன். எழுத்தைத் திருப்பிச் செதுக்க மறந்துவிட்டேன். 400 அட்டைகளில் பள்ளியின் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அச்சாகி, தலைமையாசிரியர் முன்னால் நின்ற நிலை இன்னும் மறக்கவில்லை. நாஸ்ட் வாராவாரம் அச்சுக்கான மரக்கட்டையின் மேல் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் வரைந்தார். பெரிய படம் என்றால் கட்டையைத் துண்டு துண்டாகக் கழற்றி, பல செதுக்குக்காரர்களிடம் கொடுத்து, திரும்ப இணைப்பார்கள். அவர்கள் கோடு பிசகாமல் சேர்த்ததை நீங்கள் ஒரே ‘கிளிக்’கில் பிரித்துவிட்டீர்கள்.

சரி, படம்தான் போகட்டும். கட்டுரையில் அவர் ‘சிரிப்புப் படக்காரர்’ ஆகிவிட்டார்! ஊழல் கணக்குகளை வெளியிட்டது நியூயார்க் டைம்ஸ். ஆனால், என் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்க்கத் தெரியுமே என்று ட்வீட் புலம்பியதாகத்தான் சொல்வார்கள். 1876இல் அவர் ஸ்பெயினுக்குத் தப்பி ஓடியபோது அடையாளம் காட்டிக் கொடுத்ததும் நாஸ்டின் படம்தான். அதில் ட்வீட் இரண்டு பையன்களைப் பிடித்திருப்பார். ஆங்கிலம் தெரியாத போலீஸார் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டார்களாம். சிரிப்புப் படம் செய்கிற வேலையா இது?

அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் சின்னமான யானை 1874இல் அவர் வரைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஜனநாயகக் கட்சியின் கழுதையைப் ‘பெற்றவர்’ அவரல்ல. அவர் 1840இல் பிறப்பதற்கு முன்பே அந்தக் கட்சியின் ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனைக் கழுதையோடு சேர்த்து வரைந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெட்டிச் செய்தி: ‘நமது கங்கையைப் பற்றியும் வரைந்திருக்கிறார்’! ஐயா, ‘அமெரிக்கக் கங்கை நதி’ என்ற அந்தப் படத்தில் கத்தோலிக்க ஆயர்களின் தலைப்பாகைகள் முதலை வாய்களாகிப் பள்ளிப் பிள்ளைகளை நோக்கி ஊர்ந்து வரும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஐரிஷ்காரர்களைக் குரங்கு முகத்தோடு வரைந்தவரும் அவரே, அதே 1871இல் சீனர்களைத் தாக்க வந்த கும்பலைத் தடுத்துப் படம் போட்டவரும் அவரே. இந்த முரணைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

‘ஈக்வடாரில் காலமானார்’ என்று முடித்துவிட்டீர்கள். 1884இல் ஒரு நிதி நிறுவனம் மூழ்கியதில் சேமிப்பு போய், கடைசியில் கிடைத்த துணைத் தூதர் வேலைக்காகக் குயாகில் போய், அங்கே மஞ்சள் காய்ச்சலில் 1902 டிசம்பரில் இறந்தார். வரைகிறவர்களின் வருமானம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் உங்கள் பத்திரிகைக்கு நான் அனுப்பிய மூன்று படங்கள் அச்சில் வந்தன. என் பெயர் வரவில்லை, சன்மானமும் வரவில்லை. கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அப்புறம் கார்ட்டூன் பக்கம் அரைப் பக்கமாகி, கால் பக்கமாகி, இப்போது ராசிபலனுக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதையும் பொறுத்துக்கொண்டு சந்தா கட்டுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்தப் படத்தை முழுசாகப் போடுங்கள். தபால்தலை அளவில் இருந்தாலும் பரவாயில்லை, பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். கீழே நாஸ்ட் பெயரைப் போட மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்