சேகருக்கு, உன் ஃபிரேம் கணக்கு பற்றி

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள சேகர்,

கடிதமும் வரைபடமும் வந்தன. அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே மழை விட்டு இரண்டு நாளாகிறது.

இரண்டு தூண், மேலே ஒரு பீம் கொண்ட எஃகு ஃபிரேம் எந்த லோடில் முறியும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருக்கிறாய். அந்த லோடு வளைகோடு 240 கிலோநியூட்டனைத் தாண்டியும் ஏறுகிறது. ஸ்ட்ரெயின் ஹார்டனிங் (ஈல்டு ஆன பிறகும் எஃகு கூடுதல் வலு பெறுவது) கொடுக்காத ஃபிரேமில் அது நடக்கவே முடியாது. கையால் போட்டுப் பார். ஐ.எஸ்.எம்.பி. 300 என்ற ஐ-வடிவ எஃகு, ஈல்டு (எஃகு நிரந்தரமாக இளகத் தொடங்கும் அழுத்தம்) 250 மெகாபாஸ்கல் என்றால், பிளாஸ்டிக் மொமெண்ட், அதாவது அது தாங்கும் உச்ச வளைவு விசை, 163 கிலோநியூட்டன் மீட்டர். அகலம் 6 மீட்டர், உயரம் 4, தூண்களின் அடி திரும்ப முடியாத இறுக்கம், பீம் நடுவில் முழு லோடு, பக்கவாட்டில் அதில் பாதி. பீம் மட்டும் முறிய 217 கிலோநியூட்டன் வேண்டும். ஃபிரேம் பக்கமாகச் சாய 326. இரண்டும் சேர்ந்து நடக்க 6 × 163 ÷ 5, அதாவது 196 போதும். எந்த முறிவு வழியை எடுத்தாலும் வருகிற எண் உண்மையான லோடுக்குக் கீழே போகாது. ஆகவே 196தான் உனக்கு உச்சவரம்பு.

தப்பு எங்கே என்றால், பீமை ஒரே எலிமெண்டாக (மாடலின் ஒரே துண்டாக) வைத்து முனைகளில் மட்டும் ஹிஞ்ச், அதாவது முழுக்க ஈல்டு ஆகிக் கீல் போலத் திரும்பும் இடம், கொடுத்திருக்கிறாய். லோடு விழும் நடுப்புள்ளியில் நோடும் (துண்டுகள் சேரும் புள்ளி) இல்லை, ஹிஞ்சும் இல்லை. பீம் அங்கே ஈல்டு ஆவது புரோகிராமுக்குத் தெரியாது. அதனால் 326ஐ நோக்கி ஏறுகிறது. பீமை இரண்டாக வெட்டு, நடுவில் ஹிஞ்ச் வை. நடு, வலது மூலை, இரண்டு அடிகள் என நான்கு இடத்தில் ஹிஞ்ச் விழ வேண்டும். இடது மூலையில் பிளாஸ்டிக் மொமெண்டில் 0.6 பங்குதான் வரும். அது சரியாக வந்தால் மாடலை நம்பலாம்.

இன்னொன்று. லோடு கன்ட்ரோலில், அதாவது லோடைப் படிப்படியாக ஏற்றி, ஓட்டினால் உச்சியில் நியூட்டன்-ராஃப்சன் (திரும்பத் திரும்பத் திருத்தி விடை தேடும் கணக்கு முறை) நின்றுவிடும். நின்ற இடமெல்லாம் முறிவு லோடு இல்லை. ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பார். நிற்கும் இடம் நகர்ந்தால் அது கணக்கின் கோளாறு. லோடுக்குப் பதில் நகர்வை ஏற்றும் டிஸ்பிளேஸ்மெண்ட் கன்ட்ரோலோ, வளைகோட்டின் வழியே நகரும் ஆர்க்-லெங்த் முறையோ போட்டால் உச்சியைத் தாண்டி இறங்குவதும் தெரியும்.

பி-டெல்டா (சாய்ந்த ஃபிரேமில் மேல் லோடு தரும் கூடுதல் வளைவு) உன் ஃபிரேமில் இரண்டு மூன்று கிலோநியூட்டன்தான் குறைக்கும். பல மாடியில் அப்படி விட்டுவிடாதே. எலாஸ்டிக் கிரிட்டிக்கல் லோடு (ஈல்டு ஆகாமலே ஃபிரேம் நிலைகுலையும் லோடு) பிளாஸ்டிக் முறிவு லோடைப் போல 8 மடங்குதான் என்றால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மெர்ச்சன்ட்-ராங்கின் சூத்திரப்படி முறிவு லோடில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். பக்க லோடே இல்லாத ஃபிரேமுக்கு ஐ.எஸ். 800 (எஃகுக் கட்டுமான இந்தியத் தரவிதி) சொல்லும் நோஷனல் லோடை, அதாவது மேல் லோடில் அரை சதவீதம் அளவுள்ள பெயரளவுப் பக்க லோடை, கட்டாயம் வை. இல்லாவிட்டால் சமச்சீர் மாடல் சாயாமல் நிமிர்ந்தே நிற்கும்.

நடு ஹிஞ்ச் பக்கத்தில் பீமுக்குப் பக்கப்பிடிப்பு உண்டா? இரு பரிமாண மாடல் பீம் முறுக்கிப் புரள்வதைக் காட்டாது. பிடிப்பு இல்லையென்றால் 163ஐ எட்டும் முன்பே புரண்டுவிடலாம்.

நீ கேட்ட ஸ்டில்ட் பார்க்கிங் அடுக்குமாடிக்கு (தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்கள் மட்டும் உள்ளது) மேல்மாடிச் சுவர்களை ஸ்ட்ரட்டாக, அதாவது மூலைவிட்டத் தாங்குகட்டைகளாக, மாடலில் சேர். சேர்க்காவிட்டால் ஹிஞ்ச் எல்லா மாடியிலும் பரவி, பார்க்க அழகாகத் தெரியும். சேர்த்தால் ஸ்டில்ட் தூண்களின் மேலும் கீழுமாகக் குவியும். சென்னையில் கட்டி வைத்திருப்பது இந்த இரண்டாவதுதான்.

திருத்தி ஓட்டியதும், எந்த ஹிஞ்ச் எந்த லோடில் விழுந்தது என்ற பட்டியலையும் அனுப்பு.

அன்புடன்,
கண்ணன்